காலம், இடம், தோழமை: முடக்கக் காலத்து மார்கழி இசைவிழா குறித்துச் சில சிந்தனைகள்

ஸமாஉ எனப்படும் இசை கேட்டலுக்கு மூன்று பொருத்தங்கள் அமைய வேண்டும். அவை அமையாவிடத்துக் கேளாதிருத்தலே நன்று என்பது சூஃபியாக்களின் தலைவராகப் போற்றப்படும் ஜுனைத் அல்-பக்தாதி (ரஹ்) அவர்களின் கருத்து. காலம், இடம், தோழர் என்பனவே அம்மூன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் பெருநூலில் ஸமாஉக்கெனத் தனிப் பகுதி ஒன்றை ஒதுக்கி, அங்கு இக்கருத்தை எடுத்துக்காட்டி விரித்துரைக்கிறார். உணவு நேரமும் தொழுகை நேரமும், மனம் வேறொன்றில் சிக்கிய வேளையும் கேட்டலுக்கு உரிய காலமல்ல. மக்கள் நடமாடும் தெருவும் மனத்தைச் சிதறடிக்கும் சூழலும் அதற்கு உரிய இடமல்ல. உள்ளத்தால் ஒன்றாதவரும் பாவனை காட்டுபவரும் அதற்கு உரிய தோழரல்லர்.

ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்வளவுகோலை, 2020ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை நடத்திய இணையவழி இசைவிழாவின் மீது வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இசை ஆகுமானதா, ஆகாததா என்னும் பழைய விவாதத்தை நாம் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை வாசகர்கள் அறிவர். கஸ்ஸாலி அவர்களே ஸமாஉவை நிபந்தனைகளுடன்தான் ஏற்கிறார். அதனை விலக்கத்தக்கதாக்கும் காரணங்களை அடுக்கும்போது அவற்றுள் ஒன்றைக் கேட்பவரிடத்திலேயே வைக்கிறார். நமக்குத் தேவையானது இந்த நுட்பமே. பாடுபவரை மட்டும் எடைபோடுவது விமர்சனமாகாது. கேட்பவர் எந்நிலையிலிருந்து கேட்டார் என்பதும் விமர்சனத்திற்கு உட்பட்டதே.

முதலில் நிகழ்வின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1927 டிசம்பரில் சென்னையில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்று கூடியது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. அதனைத் தொடர்ந்து சபாக்கள் பல பெருகி, மார்கழி என்றாலே சென்னையின் இசைப் பருவம் என்னும் நிலை உருவாயிற்று. 2020 மார்ச் 25 முதல் நாடு முடங்கியபோது இப்பருவமும் கேள்விக்குள்ளானது. ஆண்டிறுதிக்குள் கட்டுப்பாடுகள் பலவாறு தளர்த்தப்பட்டிருப்பினும், முதியோர் பெரும்பான்மையராகக் கூடும் அரங்குகளை நிரப்புவது அறிவுடைமையாகத் தோன்றவில்லை. எனவே நகரத்துச் சபாக்களின் கூட்டமைப்பு, கலாகேந்திரா என்னும் இணையத்தளத்துடன் இணைந்து 'யுவர்ஸ் ட்ரூலி மார்கழி' என்னும் பெயரில் விழாவை இணையத்திற்கு மாற்றியது. பார்வையாளரற்ற அரங்குகளில் முன்னரே பதிவு செய்யப்பட்ட கச்சேரிகளை, கட்டணம் செலுத்தியோர் உலகின் எம்மூலையிலிருந்தும் காணலாயினர். மியூசிக் அகாடமியும் ஆண்டின் இறுதி வாரத்தில் தன் கச்சேரிகளை இணையத்தின் வழியே வழங்கியது.

நாம் இவ்விழாவைக் கேட்டது குமாரபாளையத்திலிருந்து. காவிரியின் கரையில், பவானிக்கு எதிரே, நாமக்கல் மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் அமைந்த நெசவு நகரம் இது. லுங்கியும் துண்டும் நெய்யும் விசைத்தறிகளும், சாயப்பட்டறைகளும் இவ்வூரின் வாழ்வாதாரங்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூரில் மார்கழி என்பது பனியும் கோலமும் அதிகாலை ஒலிபெருக்கியுமேயன்றி, சபாவும் சிற்றுண்டிச் சாலையும் அன்று. சென்னையின் பருவத்திற்குச் சென்று தங்கிக் கேட்பதற்கு வேண்டிய ஓய்வும் பொருளும் இங்குள்ளோரில் பெரும்பாலோர்க்கு இல்லை. அந்த அரங்குகளுக்குள் ஒரு தமிழ் முஸ்லிம் கேட்பாளர் நுழையும்போது உணரக்கூடிய மெல்லிய அந்நியத் தன்மையும் பேசப்பட வேண்டிய ஒன்றே. எவரும் தடுப்பதில்லை, ஆயினும் எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. இணைய விழா இத்தொலைவுகள் இரண்டையும் ஒருங்கே சுருக்கியது. நுழைவுச்சீட்டு பெயரையும் உடையையும் கேட்கவில்லை. முன்வரிசை யாருக்கு என்னும் வினாவும் எழவில்லை. வீட்டுப் பொறுப்புகளால் மாலை நேரத்தில் வெளியேற இயலாத பெண்களுக்கும், நோயாளர்க்கும், படியேற இயலாத முதியோர்க்கும் இது எத்தகைய விடுதலை என்பதைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று.

இவ்வாயிலின் அகலத்தை ஒப்புக்கொண்ட பின்னரே, உள்ளே நமக்குக் கிடைத்தது யாது என்னும் வினாவை எழுப்ப முடியும்.

முதலாவது பொருத்தமாகிய காலத்தை எடுத்துக்கொள்வோம். அரங்கக் கச்சேரிக்கு ஒரு நேரம் உண்டு. தவறவிட்டவர் தவறவிட்டவரே. அந்த அருமைதான் கேட்பவரை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துகிறது. இணைய விழாவிலோ கச்சேரி நமக்காகக் காத்திருந்தது. குறிப்பிட்ட நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் காணலாம் என்றமையால், நாளை பார்க்கலாம் என்னும் எண்ணம் எளிதாயிற்று. இராக ஆலாபனை நீளும்போது விரல் தானாகவே திரையின் அடியிலுள்ள காலக்கோட்டைத் தேடியது. பாடகர் மெல்ல மெல்லக் கட்டி எழுப்பும் ஒன்றை, பத்துப் பத்து நொடிகளாகத் தாண்டிச் செல்லும் உரிமை நமக்கு வழங்கப்பட்டிருந்தது. அவ்வுரிமை உண்மையில் ஓர் இழப்பே. பொறுமை என்பது ஒரு ஸபுர். அது கேட்பவரின் குணம் மட்டுமன்று, நீண்ட இசை வடிவங்களின் அடித்தளமும் ஆகும். தாண்டிச் செல்ல இயலாது என்பதாலேயே அரங்கில் நாம் பொறுமை கற்கிறோம்.

இரண்டாவது பொருத்தம் இடம். இதில் பேறும் இழப்பும் கலந்தே இருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட பேரரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருப்பவர் வயலின் கலைஞரின் இடக்கை விரல்களைக் காண்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் எந்த விரல் எங்கே விழுகிறது என்பதும் அவர்க்குத் தெரிவதில்லை. ஒளிப்பதிவுக் கருவி இவற்றை மிக அருகில் காட்டியது. இசை பயில்வோர்க்கு இஃது அரிய பாடம். ஆனால் கேட்கும் இடமோ நம் வீடு. குமாரபாளையத்தில் விசைத்தறியின் ஓசை சுவருக்கு அப்பால் இரவும் பகலும் ஒலிப்பது. 2020 மார்ச் இறுதியில் அது நின்றபோது ஊரே செவிடானது போன்றதொரு மௌனம் சூழ்ந்தது. அந்த மௌனம் இனிமையானது அன்று. கூலியற்ற மௌனம் அது. டிசம்பரில் தறிகள் மீண்டும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஓசையினூடே ஒரு விளம்பகாலப் பாடலைக் கேட்பது, இரண்டு தாளங்களுக்கிடையே செவியைப் பங்கிடுவதாகும். ஹெட்ஃபோன் அணிந்தால் தறியோசை விலகும். உடன், வீட்டாரும் விலகுவர். செவிக்கு இடம் கிடைக்கும்போது கூட்டு இன்மையும் உறுதிப்படுகிறது.

எனவே மூன்றாவது பொருத்தமாகிய தோழமையே இவ்விழாவின் உரைகல் எனத் துணியலாம். கர்நாடக இசைக் கச்சேரி, எழுதி வைத்ததை ஒப்பிக்கும் கலையன்று. ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் ஆகியவை அந்தந்தக் கணத்தில் பிறப்பவை. எதிரே அமர்ந்திருப்பவர் தலையசைப்பதும், வாய்விட்டு ஆஹா என்பதும், தொடையில் தாளமிடுவதும் பாடகரின் அடுத்த சங்கதியைத் தீர்மானிப்பதில் பங்கு கொள்கின்றன. தனி ஆவர்த்தனத்தின் முடிவில் மும்முறை வரும் கோர்வை சமத்தில் வந்து விழும்போது அரங்கமே அதனோடு சேர்ந்து விழுகிறது. ஆளற்ற அரங்கின் பதிவில் அக்கோர்வை முடிந்தபோது நிலவியது வெறும் அமைதி. மிருதங்கக் கலைஞர் ஒருகணம் நிமிர்ந்து பார்ப்பார். எதிரே காலி இருக்கைகள். பாடகர் ஒருவரே தலையசைத்துப் பாராட்டுவார். அந்த ஒரு கணத்தில் கலைஞர்களின் முகங்களில் படர்ந்த தயக்கம் எந்த ஒலிப்பதிவு நுட்பத்தாலும் மறைக்கத்தக்கதாய் இல்லை.

இதன் விளைவு இசையிலும் வெளிப்பட்டது என்பது நம் மதிப்பீடு. சுருதி சுத்தமும் ஒலித்தெளிவும் உயர்ந்திருந்தன, பாடல் தேர்வு கச்சிதமாக இருந்தது, பிழைகள் அருகின. கூடவே துணிச்சலும் அருகிற்று. தெரிந்த பாதையை விட்டு விலகி, திரும்பும் வழி தெரியாமல் சற்றே தடுமாறி, பின் எதிர்பாராத வாசல் வழியே வெளிவரும் அந்தக் கணங்களுக்காகவே பலர் ஆண்டுதோறும் கச்சேரிகளுக்குச் செல்கின்றனர். பதிவில் அவை அரிதாகவே வாய்த்தன. கூட வருவோர் உண்டு என்னும் நம்பிக்கை இருந்தாலன்றி எவரும் வழி தவறத் துணிவதில்லை.

கஸ்ஸாலி அவர்கள் வகுத்த ஸமாஉவின் ஒழுக்கங்களுள் ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. சபையில் ஒருவர் பாசாங்கின்றி உண்மையான உணர்வெழுச்சியால் எழுந்து நின்றால், ஏனையோரும் அவரோடு எழுந்து நிற்றல் தோழமையின் கடமை என்கிறார் அவர். ஒருவருக்கு நேர்ந்த அனுபவத்தைச் சபை தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது இதன் உட்பொருள். இணையத்தில் நாம் எழுந்து நின்றாலும் எவரும் காணார். பிறர் எழுந்ததையும் நாம் அறியோம்.

இந்த இடத்தில் மார்க்கச் சட்டத் துறையிலிருந்து ஓர் ஒப்புமையை முன்வைக்க விரும்புகிறோம். 2020ஆம் ஆண்டின் ரமளான் முடக்கத்தினூடே வந்தது. பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தன. திரையில் தோன்றும் இமாமைப் பின்பற்றி வீட்டிலிருந்தே ஜுமுஆவும் தராவீஹும் தொழலாமா என்னும் வினா உலகெங்கும் எழுந்தது. கூடாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் விடையாக இருந்தது. அதே உலமாக்கள் இணையவழி பயான்களைத் தாராளமாக நிகழ்த்தினர். திருக்குர்ஆன் வகுப்புகளையும் நடத்தினர். இதில் முரண்பாடு ஏதுமில்லை. இல்ம் தொலைவைக் கடந்து செல்லக்கூடியது, ஜமாஅத் அவ்வாறன்று. ஹனஃபி மத்ஹபின் நூல்கள் இதனினும் நுட்பமான ஒரு வேறுபாட்டைச் சொல்கின்றன. ஸஜ்தாவுக்குரிய வசனத்தை ஓதுபவரிடமிருந்து நேரே கேட்டவர் மீது ஸஜ்தா வாஜிபாகும். மலையில் மோதித் திரும்பும் எதிரொலியில் கேட்டவர் மீது ஆகாது. கிராமஃபோனும் ஒலிநாடாவும் வந்தபோது முஃப்திகள் பலர் இதே அடிப்படையில்தான் பதிவு செய்யப்பட்ட ஓதலுக்குத் தீர்ப்புக் கூறினர். நேரலையைக் குறித்து அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

தொழுகையையும் கச்சேரியையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆயினும் குரலுக்கும் எதிரொலிக்கும் இடையே, போதனைக்கும் கூட்டத்திற்கும் இடையே நம் முன்னோர் கண்ட வேறுபாடு, இணைய விழாவை மதிப்பிடத் தக்கதொரு கருவியாகிறது. முடக்க மாதங்களில் இசைவாணர் பலர் இணையத்தில் நிகழ்த்திய விளக்கவுரைகளும் பாட வகுப்புகளும் அரங்கில் நிகழ்ந்திருந்தால் எய்தியிருக்கும் பயனைச் சற்றும் குறைவின்றி எய்தின. அவை பயானைப் போன்றவை. கச்சேரியோ ஜமாஅத்தின் இயல்புடையது. மியூசிக் அகாடமியே இவ்வேறுபாட்டை ஒருவகையில் உணர்ந்திருந்தது எனலாம். கச்சேரிகள் இணையத்திற்குச் சென்றன. சங்கீத கலாநிதி விருது செல்லவில்லை. 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் உரிய விருதுகள் 2022இல்தான் ஒருசேர அறிவிக்கப்பட்டன.

இவ்வளவில் நின்றால், கருவியே குற்றவாளி என்னும் எளிய முடிவுக்கு வந்துவிடுவோம். நம் சமுதாயத்தின் அனுபவம் அதனை மறுக்கிறது. நாகூர் இ.எம். ஹனிஃபா (1925–2015) அவர்களின் குரலைத் தமிழ் முஸ்லிம்கள் அறிந்தது பெரும்பாலும் மேடையின் வழியே அன்று. இசைத்தட்டும் ஒலிநாடாவும், திருமண வீட்டு வாசலில் கட்டிய ஒலிபெருக்கியுமே அக்குரலை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தன. அவர் நேரில் இல்லை. ஆயினும் கேட்டவர்கள் கூடியிருந்தனர். பந்தலில் பாய் விரிப்பவரும், அடுக்களையில் பிரியாணிக்கு வெங்காயம் அரிபவரும், தெருவில் செல்லும் பிற சமயத்தவரும் ஒரே பாடலை ஒரே கணத்தில் கேட்டனர். குரல் எதிரொலியாக இருந்தபோதும் தோழமை நேரடியாக இருந்தது. 2020இன் விழாவில் இது தலைகீழாயிற்று. கேட்போர் எத்தனை பேராயினும் ஒவ்வொருவரும் தனித்தனி அறையில், தனித்தனித் திரையில் கேட்டனர். ஆகவே குறை பதிவுக் கருவியில் இல்லை. கேட்டல் தனிமைப்பட்டதில் உள்ளது. முடக்கம் என்னும் கட்டாயத்தால் அன்று அது தவிர்க்க முடியாததாயிற்று. கட்டாயம் நீங்கிய பின்னரும் அவ்வழக்கம் நீடிப்பதுதான் கவலைக்குரியது.

இன்னொரு கோணமும் விடுபடலாகாது. தொலைவை ஒழித்த விழா, மேடையின் எல்லைகளையும் ஒழித்ததா? இல்லை என்றே சொல்ல வேண்டியுள்ளது. கேட்போர் வட்டம் விரிந்த அளவுக்குப் பாடுவோர் வட்டம் விரியவில்லை. நாதஸ்வரத்தை எண்ணிப் பாருங்கள். விழாக்களின் தொடக்கத்தில் மங்கல இசையாக ஒலித்துவிட்டு ஒதுங்குவதே சபா மரபில் அதற்கு வாய்த்த இடம். ஆந்திரத்தில் பிறந்து, நாச்சியார்கோயில் மரபில் பயின்று, திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999) அவர்களுக்கு 1998இல் சங்கீத கலாநிதி வழங்கப்பட்டது அக்கருவிக்கும் நம் சமுதாயத்திற்கும் கிடைத்த பெருமை. அவர்தம் மாணாக்கராகிய ஷேக் மஹபூப் சுபானி, காலீஷாபி மஹபூப் தம்பதியர்க்கு 2020 ஜனவரியில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இரண்டே மாதங்களில் நாடு முடங்கியது.

நாதஸ்வர, தவில் கலைஞர்களின் பருவம் மார்கழியன்று. பங்குனி முதல் வைகாசி வரையிலான திருமணங்களும் கோயில் விழாக்களுமே அவர்தம் ஆண்டு வருவாயின் முதுகெலும்பு. முடக்கம் சரியாக அம்மாதங்களில் விழுந்தது. திருமணத்தில் ஐம்பது பேருக்கு மேல் கூடலாகாது என்றாயிற்று. வழிபாட்டுத் தலங்கள் தமிழகமெங்கும் முழுமையாகத் திறக்க 2020 செப்டம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சபாக்களின் பருவத்தை மீட்க ஒளிப்பதிவுக் கருவிகளும் இணையத்தளங்களும் கட்டணம் செலுத்தும் கேட்போரும் இருந்தனர். தெருவில் வாசிப்போரின் பருவத்தை மீட்க அத்தகைய ஏற்பாடு ஏதும் இல்லை. வெட்டவெளிக்கென்றே பிறந்த அக்கருவியின் வீச்சு கைபேசியின் சிற்றொலிப்பானுக்குள் அடங்குவதும் இல்லை. நிதி திரட்டி உதவிய இசைவாணர்களும் அமைப்புகளும் உண்டு, அவர்கள் நன்றிக்குரியோர். ஆயினும் உதவி வேறு, மேடை வேறு.

நம்மை நோக்கியும் இவ்வினா திரும்புகிறது. சீறாப்புராணமும், குணங்குடி மஸ்தான் சாகிபு, தக்கலை பீர்முஹம்மது அப்பா ஆகியோரின் பாடல்களும், முனாஜாத்துகளும் இசையோடு ஓதப்பட்டு வந்த நெடிய மரபு நம்முடையது. நாற்காலிகளும் தூண்களும் தடையாக இல்லாத இணையம் கைக்கு எட்டிய அந்த ஆண்டில், இம்மரபை முறையாகப் பதிவு செய்து, உரை விளக்கத்தோடு உலகத் தமிழரின் முன் வைக்க நம் நிறுவனங்கள் எடுத்த முயற்சி எவ்வளவு? சபாக்கள் தம் பருவத்தைக் காப்பாற்ற ஒன்பது மாதங்களுக்குள் ஒரு கூட்டமைப்பாக இயங்கின. அக்கூட்டு முயற்சியில் நமக்குப் பாடம் உண்டு. பிறர் மேடையில் இடம் கேட்பது ஓர் உரிமை; தமக்கென மேடை அமைப்பது ஒரு பொறுப்பு.

2022 டிசம்பரில் சென்னையின் பருவம் முழு அளவில் அரங்கிற்குத் திரும்பிற்று. இணைய விழா இனித் தேவையில்லை என்போர் சென்னையில் வாழ்வோர். குமாரபாளையம் போன்ற ஊர்கள் அவ்வாறு சொல்ல இயலாது. நாம் வேண்டுவது இரண்டில் ஒன்றன்று. பள்ளிக்கூட மண்டபத்திலோ நூலகத்திலோ பெரிய திரையும் நல்ல ஒலிப்பெட்டியும் அமைத்து, குறித்த நாளில் குறித்த நேரத்தில் ஐம்பது பேர் கூடி அமர்ந்து கேட்கட்டும். நிறுத்தவும் தாண்டவும் எவர் கையிலும் அதிகாரம் இல்லாதிருக்கட்டும். நெசவாளரும் ஆசிரியரும், முஸ்லிமும் ஹிந்துவும் ஒரே வரிசையில் இருக்கட்டும். முடிவில் இசையறிந்த ஒருவர் கேட்டதை விளக்கட்டும். அப்போது காலமும் இடமும் தோழமையும் எதிரொலிக்கும் வாய்க்கும். ஜுனைத் (ரஹ்) அவர்களின் மூன்று பொருத்தங்களில் எதுவும் விடுபடாது. 2020இன் இணைய விழா கச்சேரியை நம் வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தது, அது பெரும்பணி. சபையைக் கூட்டும் பணி அதனால் ஆகக்கூடியதன்று. அது அந்தந்த ஊராரின் கடமையாகவே எஞ்சியுள்ளது.